நன்னீர்த் தாவரத் தொட்டி: புதிதாகத் தொடங்குவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பயிற்சி நிலையம் ஒன்றின் வரவேற்பறையில் அழகிய கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் அதிலிருந்த மீன்களை வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு, நீர் முழுவதையும் கொட்டி, மணலையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, மீண்டும் குழாய் நீரையே நிரப்புவார்கள். அவ்வேலையைச் செய்த ஊழியர் மிகுந்த அக்கறை உடையவர். எனினும், புதன்கிழமைக்குள் இரண்டு மூன்று மீன்கள் செத்து மிதக்கும். மீன் விற்றவர்மீது பழி போட்டுவிட்டுப் புதிய மீன்களை வாங்குவோம். நாங்கள் காட்டிய தூய்மையே அம்மீன்களைக் கொல்கிறது என்பது ஓராண்டு வரை எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

நீர் தெளிவாக இருப்பது வேறு. உயிர் வாழத் தகுதியாக இருப்பது வேறு. மீனின் செவுள்களிலிருந்தும், கழிவிலிருந்தும், உண்ணாமல் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது பெருநீரில் கலந்து நீர்த்துவிடுகிறது. ஐம்பது லிட்டர் கொண்ட தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. மணல் துகள்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறும் பாக்டீரியாக்களே அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னவை இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் குறைந்த அளவில் தீங்கு செய்யாது. செடிகளுக்கு அது உணவுமாகும். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்த பாக்டீரியா என்பதை 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இவை எவையாயினும், பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குழாய் நீரிலுள்ள குளோரின் இவற்றை அழித்துவிடும். எங்கள் தொட்டியின் வயது, ஆண்டு முழுவதும், ஒரு வாரத்தைத் தாண்டவே இல்லை.

செடிகள் இங்கேதான் துணைக்கு வருகின்றன. அவை அம்மோனியாவை நேராகவே உறிஞ்சி வளர்கின்றன. லண்டனில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், பொன்மீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் ஒரே கலத்தில் வளர்த்துக் கண்ட முடிவுகளை 1850-இல் வெளியிட்டார். முதலில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. செடி, மீன், அழுகலை உண்ணும் உயிர் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றித் தொட்டி நிலைக்காது என்று அவர் கண்டார். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் பங்கு அன்று அறியப்படவில்லை.

தொட்டியும் அடித்தளமும்

புதிதாகத் தொடங்குவோர் மிகச் சிறிய தொட்டியை வாங்குவது வழக்கம். செலவு குறைவு என்பது காரணம். ஆனால், நீர் குறையக் குறையப் பிழைக்கு இடமும் குறைகிறது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள தொட்டி போதுமானது. மணலும் மேல் இடைவெளியும் போக அதில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். நீர், மணல், கண்ணாடி ஆகியவற்றின் எடை 80 கிலோவை எட்டக்கூடும் என்பதால் சாதாரண மர அலமாரியின்மீது வைத்தல் ஆகாது. சன்னலருகே வைத்தலும் ஆகாது. நேர் வெயில் பட்டால் பாசிதான் செழிக்கும்.

அடியில் உரமிடாத தோட்டமண்ணைச் சலித்து இரண்டு செ.மீ. உயரத்திற்குப் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய பருமணலை நான்கு செ.மீ. அளவுக்கு மூட வேண்டும். மண் வேருக்கு உணவு. மணல் அம்மண் நீரில் கலங்காமல் காக்கும் மூடி. எருவிட்ட மண் வேண்டவே வேண்டாம். அது அம்மோனியாவைக் கக்கும். கடற்சிப்பியும் பவளத்துண்டும் கரைந்து நீரின் கடினத்தை உயர்த்துவதால் அவற்றையும் தவிர்க்கலாம். நீரை ஊற்றும்போது மணலின்மீது ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்ல ஊற்றுக.

குழாய் நீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் கலந்த நீரில் அது பலிக்காது. கடையில் கிடைக்கும் நீர்ப்பதனக் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. வாலிஸ்னேரியாவுக்குக் கடின நீர் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. உவர்நீர் மட்டும் பயன்படாது.

விளக்கைத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் போதும். பாசி படர்ந்தால் மருந்து தேடாமல் விளக்கு நேரத்தைக் குறைத்தலே நன்று. கரியமில வாயு உருளைகளும் விலைமிக்க திரவ உரங்களும் முதல் ஆண்டில் தேவையில்லை. கடைக்காரர் வேறு விதமாகச் சொல்வார்.

செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

நம் நாட்டு நீர்நிலைகளின் செடிகளே தொடக்கத்திற்கு ஏற்றவை. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, நீர்ப்பிரம்மி, கொட்டிக்கிழங்கு, சிவந்த தளிர்விடும் ரோட்டலா ஆகியவை வெப்பத்துக்கும் நம் நீருக்கும் பழகியவை. தீபகற்ப இந்தியாவின் ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் ரெட்ரோஸ்பைராலிஸும், இலங்கைக்கே உரிய அதன் உறவான வென்ட்டியும் மெல்ல வளர்ந்தாலும் நெடுநாள் வாழ்பவை. கிரிப்டோகோரைனை நட்ட சில நாள்களில் இலைகள் கூழாகக் கரையும். செடி இறந்ததென்று பிடுங்கி எறிபவர் பலர். வேரைத் தொடாமல் விட்டால் மூன்று நான்கு வாரங்களில் புதுத்தளிர் வரும்.

முதல்நாளே செடிகளை நெருக்கமாக நடுதல் வேண்டும். ஓரிரு செடியை நட்டுவிட்டு மெல்லப் பெருகட்டும் என்று காத்திருந்தால், அந்த இடைவெளியைப் பாசி நிரப்பிவிடும்.

இனி வருவதே கடினமான பகுதி. நான்கு வாரம் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையை வெறும் தொட்டியில் இடுக. பார்ப்பவர் நகைப்பர். அவ்விரை அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. சோதனைக் கரைசல் கொண்டு வாரம் இருமுறை நீரை அளந்து குறித்து வரலாம். பள்ளி மாணவர்க்கு இதைவிடச் சிறந்த வேதியியல் செய்முறை அரிது. அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாக நின்றபின் மீன் வாங்கச் செல்க.

மீன்கள்

பிரான்சிஸ் ஹாமில்ட்டன் கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் வரிக்குதிரை மீன், தேன் கௌராமி, ரோஸி பார்ப் முதலியவற்றை அறிவியலுக்கு முதன்முதலாக அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளரும் வரிக்குதிரை மீன், நம் வயல் வாய்க்கால்களுக்கு உரியது என்பதை வாங்குவோரில் பலர் அறியார். முதலில் இவ்வகையில் ஆறு மீன்கள். மூன்று வாரம் கழித்து ஓர் இணை தேன் கௌராமி. 50 லிட்டருக்கு இது போதும். கௌராமி நீரின் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால் மின்வெட்டு நேரங்களிலும் தாக்குப்பிடிக்கும். ரோஸி பார்ப் மென்மையான தளிர்களைக் கடிக்கும். செடி வேரூன்றும் வரை வேண்டாம்.

கேரளத்தின் மலையாறுகளுக்கு உரிய டெனிசன் பார்ப், 'மிஸ் கேரளா' என்ற பெயரில் விற்கப்படுவது. அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. வளரும்போது பெரிய தொட்டி கேட்கும் மீனும்கூட. பண்ணையில் பெருக்கப்பட்டதா, ஆற்றில் பிடிக்கப்பட்டதா என்று எந்த மீனை வாங்கும்போதும் கேட்பது நல்லது. சென்னை கொளத்தூரிலும் மேற்கு வங்கத்தின் ஹௌராப் பகுதியிலும் வண்ண மீன் வளர்ப்பைப் பல குடும்பங்கள் தொழிலாகக் கொண்டுள்ளன. அவர்களிடம் வாங்கும் மீனால் ஆற்றுக்கு இழப்பில்லை.

இரை நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவு. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக. வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த தொட்டி நீரிலேயே பிழிய வேண்டும், குழாயடிக்குக் கொண்டுபோகலாகாது. எடுத்த நீர் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம்.

தொட்டியிலிருந்து குளத்துக்கு

அதிகாரிகள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மாற்றலாகிச் செல்வோர், ஆர்வம் தீர்ந்தோர், மீன் மிகப் பெரிதாகிவிட்டது என்போர் ஆகியோர் தொட்டியை அருகிலுள்ள குளத்தில் கொட்டிவிடுகின்றனர். உயிரைக் காத்துவிட்டோம் என்ற நிறைவும் அவர்க்கு உண்டு. கண்ணாடியில் படரும் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இன்று கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலங்களில் பெருகிவிட்டது. 2020-இல் வாரணாசி அருகே கங்கையிலும் பிடிபட்டது. அதன் முள்தகடுகள் மீனவரின் வலையைக் கிழிக்கின்றன. சந்தையில் அதற்கு விலையில்லை. அதே 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் நீர்நிலை ஒன்று முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களால் மூடியது. மக்கள் திரண்டு சென்று கண்டு களித்தனர். அப்பூக்கள் கபோம்பா என்னும் அமெரிக்கத் தொட்டிச் செடியின் பூக்கள். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகவே வங்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

வேண்டாத மீனை விற்றவரிடமோ வேறொரு வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடலாம். செடிகளைக் கத்தரித்த துண்டுகளைச் சாக்கடையில் போடுதல் கூடாது. ஹைட்ரில்லாவின் ஒரு கணு போதும், புதுச்செடி உண்டாக. அவற்றை மொட்டைமாடியில் நான்கு நாள் வெயிலில் நன்றாகச் சருகாகும்படி காயவைத்து, அதன்பின் எருக்குழியில் இடுக.