உடம்பு அனலடிக்கிறதா? கிளினிக்கில் கேளுங்கள்

ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு தவறுகிறது, உடம்பு திடீரென அனலாகிறது, நடுராத்திரி வியர்த்து உறக்கம் கலைகிறது. வயசுக் கோளாறு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சிகிச்சை உண்டு. ஜாசின், அலோர்காஜா வட்டார அரசு கிளினிக்குகளில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். மாதவிலக்கு வந்த நாள், அனலடித்த நேரம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். மலாயில் பேசத் தயக்கமா? மகளை உடன் அழைத்துப் போங்கள்.

ஹார்மோன் சிகிச்சை பற்றி நீங்களே கேளுங்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல். மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ கண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். வேறு மருந்துகள் இருக்கின்றன.

செம்பனைத் தோட்ட வேலைக்குப் பருத்தி உடை, கையில் தண்ணீர். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.