ஆசிரியர் கூடிப் பயில்தலும் பள்ளி மேம்பாடும்

மருத்துவர் ஒருவருக்கு நோயின் தன்மையில் ஐயம் எழுமாயின், அடுத்த அறையிலுள்ள மருத்துவரை அழைத்து நோயாளியைக் காட்டித் தெளிவு பெறுவார். கட்டடம் எழுப்புவோரும் அவ்வாறே. ஒருவர் வரைந்த படத்தை மற்றொருவர் பார்த்த பின்னரே அடித்தளம் தோண்டுவர். ஆசிரியப் பணியோ பெரும்பாலும் சாத்திய கதவுக்குப் பின்னால் நடைபெறுகின்றது. முப்பதாண்டுகள் ஒரே பள்ளியில் அருகருகே பணியாற்றி ஓய்வு பெற்ற இருவர், ஒருவர் மற்றவருடைய வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையேனும் அமர்ந்து பார்த்திராத நிலை நம் நாட்டில் அரிதன்று. இதற்குச் செருக்கோ பகையோ காரணமன்று, பழக்கமே காரணம்.

இப்பழக்கம் தோன்றிய வரலாற்றை அறிந்துகொள்வது நன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டுமென்று விதித்தது. சட்டம் கட்டடத்தைக் கேட்டது. தேர்ந்த ஆசிரியரைக் கேட்கவில்லை. எனவே பல தோட்டங்களில் கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் ஒருவரோ பாடம் சொல்லிக்கொடுக்கலானார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளையும் ஒருவரே நடத்திய ஓராசிரியர் பள்ளிகளே மிகுதி. அவருக்கு ஐயம் வந்தால் கேட்பதற்கு எவரும் இலர். அடுத்த தோட்டத்து ஆசிரியரைக் காணச் செம்மண் சாலையில் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். தனித்து நின்றே கற்பித்த அந்த முன்னோர் மொழியைக் காத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனித்து நிற்றலே ஆசிரியர்க்கு இயல்பு என்னும் எண்ணமும் அவர்கள் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

விடுதலைக்குப் பின்னர் பயிற்சிக் கல்லூரிகள் பெருகின. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிகளை நிரப்பினர். ஆனால் கல்லூரியை விட்டு வெளிவந்த பின்னர் ஆசிரியர் எவ்வாறு வளர்வது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் விடை கிட்டவில்லை. 1982இல் சோதனை முறையிலும் 1983இல் நாடு முழுவதிலும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமாகிய கே.பி.எஸ்.ஆர். நடைமுறைக்கு வந்தபோது அவ்வினா பெரிதாக எழுந்தது. வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கொண்ட அக்கலைத்திட்டம், மாணாக்கரைக் குழுக்களாக அமர்த்திக் கற்பிக்கச் சொன்னது. வரிசையாகப் போட்ட மேசைகளுக்கு முன்னின்று பாடஞ் சொன்ன ஆசிரியருக்கு இது முற்றிலும் புதிய தொழில். அமைச்சு முதன்மைப் பயிற்றுநரைப் பயிற்றியது. அவர்கள் மாநிலத்தாரைப் பயிற்றினர். மாநிலத்தார் பள்ளி ஆசிரியரைப் பயிற்றினர். ஒரு குடத்து நீரைக் கைமாற்றிக் கைமாற்றித் தோட்டத்தின் கடைக்கோடிக்குக் கொண்டு செல்வது போன்ற முறை இது. கடைசிக் கைக்கு வந்து சேர்ந்த நீர் எவ்வளவு என்பதை அக்காலத்து ஆசிரியர்கள் நன்கறிவர்.

அதே பத்தாண்டுகளில் ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் மாவட்டங்களில் எழுந்தன. பயிற்றுக் கருவிகளைச் செய்யவும் பிற பள்ளி ஆசிரியரோடு உரையாடவும் அவை இடமளித்தன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது மொழித்திறன் மிக்க ஆசிரியர் ஒருவரைத் துணையாக வைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2005இல் வெளிவந்த சுற்றறிக்கை, அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு நாளேனும் பயிற்சி பெற வேண்டுமென்றது. ஏழு நாளும் எண்ணப்பட்டன. அவற்றால் வகுப்பில் என்ன மாறியது என்பதுதான் எண்ணப்படவில்லை. 2011இல் கல்வி அமைச்சு, ஆசிரியர் கற்றல் சமூகம் என்னும் முறையைப் பள்ளிகளில் தொடங்கி வைத்தது. மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 அதனை வலியுறுத்திற்று. 2014 முதல் மாவட்டக் கல்வி அலுவலகங்களில் பயிற்றுநர் அமர்த்தப்பட்டுப் பள்ளிகளுக்கு வரலாயினர்.

இவற்றுள் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது பாட ஆய்வு என்னும் முறையாகும். இது ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மெய்ஜி மன்னர் காலத்துப் பள்ளிகளில் தோன்றியது. அங்கு இதனை ஜுகியோ கென்க்யூ என்பர். ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1999இல் வெளியிட்ட நூலால் பிற நாடுகளும் இதனை அறிந்தன. முறை எளியது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். அவருள் ஒருவர் அதனை வகுப்பில் நடத்துவார். ஏனையோர் வகுப்பின் ஓரங்களில் நின்று காண்பர். பின்னர் கூடிப் பேசித் திருத்துவர். திருத்திய பாடத்தை வேறொருவர் வேறொரு வகுப்பில் நடத்துவார்.

எளியது என்றோம், ஆயின் இதன் உயிர்நிலை ஒன்றுண்டு. ஓரங்களில் நிற்போர் ஆசிரியரைப் பார்த்தல் கூடாது. மாணாக்கரைப் பார்த்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் 503இலிருந்து 178ஐக் கழிக்கும் கணக்கு தரப்படுகின்றது என்று கொள்வோம். சரியான விடை 325. ஒரு மாணவன் 475 என்று எழுதுகிறான். மற்றொருத்தி 425 என்கிறாள். மூன்றாமவன் 235 என்கிறான். தனித்துக் கற்பிக்கும் ஆசிரியர் மூன்றின் மீதும் சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு, மீண்டும் ஒருமுறை கரும்பலகையில் செய்துகாட்டுவார். முப்பது பேரை ஒரே நேரத்தில் பார்க்கும் அவரால் வேறு யாது செய்ய இயலும்?

ஓரத்தில் நிற்கும் ஆசிரியரோ ஒரு மேசையையே உற்று நோக்குகின்றார். 475 எழுதிய மாணவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிட்டான். எட்டிலிருந்து மூன்றையும் ஏழிலிருந்து பூச்சியத்தையும் கழித்திருக்கிறான். அவனுக்குக் கடன் வாங்குதல் என்பதே தோன்றவில்லை. 425 எழுதியவள் பூச்சியத்தை ஒன்பதாக மாற்றக் கற்றிருக்கிறாள். ஆனால் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. நூறுகளில் ஐந்து அப்படியே நிற்கின்றது. 235 எழுதியவன் பத்துகளைத் தாண்டி நூற்றிலிருந்து நேரே ஒன்றுகளுக்குக் கடன் கொண்டுவந்துவிட்டான். பின்னர் பத்துகளுக்காக மீண்டும் நூறுகளிடம் சென்றான். மூவர் பிழையும் மூன்று நோய்கள். ஒரே மருந்து மூவருக்கும் பொருந்தாது. முதல்வனுக்குக் குச்சிகளும் பத்துக் குச்சிக் கட்டுகளும் கையில் தரப்பட வேண்டும். இரண்டாமவளுக்கு நூறு குச்சிகள் கொண்ட பெருங்கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கிக் காட்டினால் போதும். மூன்றாமவன் இட மதிப்பை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். மூன்று மேசைகளருகே மூவர் நின்றதனாலன்றோ இது தெரிந்தது!

அப்பாடத்தைப் பற்றிய உரையாடலில் 'நீங்கள் நன்றாக நடத்தினீர்கள்' என்னும் சொல்லுக்கு இடமில்லை. 'குரலை உயர்த்தியிருக்கலாம்' என்பதற்கும் இடமில்லை. பாடம் நால்வருக்கும் பொதுவாதலின் குறையும் நால்வருடையதே. நம்மவரிடையே ஒருவர் வகுப்பை மற்றொருவர் பார்ப்பது என்றாலே மேற்பார்வை என்னும் அச்சம் எழுகின்றது. மேற்பார்வையாளர் வரும் நாளன்று சுவரில் புதிய படங்கள் தொங்குவதைக் காணாதார் யார்? பாட ஆய்வு அச்சத்தோடு ஒத்துப்போகாது. தலைமையாசிரியர் முதலில் தாமே ஒரு பாடத்தை நடத்திப் பிறர் காண இடங்கொடுப்பாராயின் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

தமிழகத்திலும் இதனையொத்த முயற்சி ஒன்று நடைபெற்றது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் முறையை நேரிற் கண்டு திரும்பிய மாநகராட்சி ஆசிரியர்களே கற்றல் அட்டைகளைக் கூடியமர்ந்து எழுதினர். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது. பரவிய பின்னர் அட்டைகள் அச்சகத்திலிருந்து வந்தன. எழுதியவர் கண்ட பொருளைப் பெற்றவர் எல்லாரும் கண்டனரா என்பது வேறு கேள்வி.

நம் பள்ளிகளுக்கு இன்று இதன் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. 1988 முதல் நடைபெற்று வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு குழந்தை எந்நிலையில் உள்ளது என்று கூறும் பொறுப்பு வகுப்பாசிரியரின் தோளில் வந்து அமர்ந்தது. ஆறு அடைவுநிலைகளுள் ஒன்றை அவரே வழங்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவி எழுதிய ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் நான்காம் நிலையும், பத்துக் கல் தொலைவிலுள்ள மற்றோர் ஆசிரியர் ஐந்தாம் நிலையும் தருவராயின், பெற்றோர் எதனை நம்புவர்? பெரிய பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு மூவரோ நால்வரோ தமிழாசிரியர் இருப்பர். அவர்கள் கட்டுரைகளை மாற்றிப் படித்துத் தங்கள் அளவுகோலைச் சமன் செய்துகொள்ளலாம். சிறிய பள்ளியில் அவ்வகுப்புக்குத் தமிழாசிரியர் ஒருவரே. அவர் யாரிடம் மாற்றிப் படிப்பார்?

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜொகூர் பாருவின் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் மாணாக்கர் பயிலும் பள்ளிகள் சில உண்டு. சிகாமட், குளுவாங், மூவார், கோத்தா திங்கி போன்ற மாவட்டங்களின் தோட்டப்புறங்களிலோ 150 பேருக்கும் குறைவான மாணாக்கரைக் கொண்ட பள்ளிகள் பல. 30 பேர்க்கும் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாக இணைத்து நடத்துகின்றனர். அங்கு ஆசிரியர் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் இரண்டு வகுப்புகள் ஆளின்றி நிற்கும். சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாரு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஒரு நாள் பயிற்சி அவர்க்கு இரண்டு நாளாகும். எல்லையோரத்துச் சிகாமட், தங்காக் பள்ளிகளுக்கு அண்டை மாநிலத்துப் பள்ளிகள் அருகிலேயே உள்ளன. ஆயினும் 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருக்க, மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் சனியும் ஞாயிறும் விடுமுறையாக இருந்தன. கூட எண்ணியோர்க்குச் சனிக்கிழமை ஒன்றே எஞ்சியது. 2025 சனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியதால் இத்தடை நீங்கிற்று.

2020 மார்ச்சு 18ஆம் நாள் பள்ளிகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இயங்கலை வகுப்பு நடத்த அறியாத மூத்த ஆசிரியர்க்கு இளையோர் இரவு நேரங்களில் கற்றுக்கொடுத்தனர். எந்தச் சுற்றறிக்கையும் இதனைக் கட்டளையிடவில்லை, தேவை கட்டளையிட்டது. அக்காலத்தில் பெருகிய டெலிகிராம் குழுக்களில் இன்றும் பயிற்சித் தாள்கள் நாள்தோறும் பரிமாறப்படுகின்றன. அவை பயனுடையவை. எனினும் பிறர் செய்த தாளைப் பதிவிறக்கிக்கொள்வது கூடிப் பயில்தல் ஆகாது. அத்தாளைச் செய்தவர் எக்குழந்தையை மனத்திற்கொண்டு செய்தார் என்பது தாளோடு வருவதில்லை.

அண்மையிலுள்ள மூன்று சிறு பள்ளிகள் ஒன்று சேர்ந்தால் தொடக்கம் எளிதாகும். தவணைக்கு ஒரு பாடம் போதும். ஆண்டுக்கு மூன்றோ நான்கோ பாடத்தை முழுமையாக ஆய்வது முப்பது சான்றிதழ்களினும் மேலானது. இடமும் அப்பள்ளிகளிலேயே முறைமாற்றி அமையலாம். கோப்பும் நிழற்படமும் குறைவாக இருக்கட்டும். கூடிய நாளில் எழுதப்பட வேண்டியது ஒரே பக்கம்: எக்கேள்வியில் குழந்தைகள் தடுமாறினர், அடுத்த முறை எதனை மாற்றுவோம் என்பவை அதிலிருந்தால் போதும். வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர் தம் பட்டறிவை எடுத்துச் சென்றுவிடுகின்றார். அந்த ஒரு பக்கம் பள்ளியிலேயே தங்கும்.

அன்று எங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. மூன்று பள்ளி ஆசிரியரும் ஒரே நாளில் அனைவரும் வெளியேறுவதில்லை. பள்ளிக்கு ஒருவரோ இருவரோ செல்வர். அவர்தம் வகுப்புகளைப் பிறர் பகிர்ந்துகொள்ள அட்டவணையில் முன்னரே வழிசெய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்நாளின் நண்பகல் உணவையும் போக்குவரத்துச் செலவையும் ஏற்றுக்கொள்ளுமாயின், ஆசிரியர் தம் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், பரிசளிப்பு விழாச் செலவுக்கு அடுத்த வரியாக இதனைச் சேர்க்கக் கேட்கலாம்.