எதிர்காலக் கணிப்பும் புத்த தம்மமும்

உலகம் இன்னும் எத்தனை காலம் நிலைக்கும்? மனிதன் பிற கோள்களிற் குடியேறுவானா? இயந்திரங்கள் நம் உழைப்பையெல்லாம் ஏற்றுக்கொண்டு பசியையும் பிணியையும் ஒழித்துவிடுமா? இத்தகைய வினாக்கள் இன்று எங்கும் எழுப்பப்படுகின்றன. மும்மணிகளைச் சரணடைந்த நாம் இவற்றை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும். தத்துவத்தை ஆராயுமுன் கண்கூடான சான்றொன்றைக் காண்போம்.

1. ஏலூர் தரும் சான்று

கொச்சிக்கு அருகே பெரியாற்றின் கரையில் அமைந்தது ஏலூர். 1943ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் உர இரசாயன நிறுவனம் இங்கே தோற்றுவிக்கப்பட்டது. அதனை நிறுவுவதில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் முன்னின்றனர். 1947இல் உர உற்பத்தி தொடங்கியபோது விறகிலிருந்து பெற்ற வாயுவே அதற்கு மூலப்பொருளாயிற்று. பின்னர் 1952 டிசம்பர் 24ஆம் நாள் இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலையைப் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். சவறை, மணவாளக்குறிச்சி ஆகிய கடற்கரைகளின் மணலிற் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களையும் தோரியத்தையும் பிரித்தெடுப்பது அவ்வாலையின் பணியாயிருந்தது.

தோரியம் முன்னாளிற் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் செய்யவே பெரிதும் பயன்பட்டது. அதுவே வருங்காலத்தில் நாடு முழுவதற்கும் மின்சாரம் அளிக்கும் எரிபொருளாகும் என்று விஞ்ஞானி ஹோமி பாபா கருதி, மூன்று படிகள் கொண்ட அணுமின் திட்டத்தை வகுத்தார். 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், சூரியனில் நிகழும் அணுச் சேர்க்கையை மனிதன் இருபது ஆண்டுகளுக்குள் கட்டுப்படுத்தி ஆள்வான் என்றும் கணித்தார்.

1975 கடந்தது, கணிப்பு நிறைவேறவில்லை. 2022 டிசம்பரிலேதான் அமெரிக்காவின் கலிபோர்னியா ஆய்வுக்கூடமொன்றில், எரிபொருளின்மீது பாய்ச்சப்பட்ட லேசர் ஆற்றலினும் மிகுந்த ஆற்றல் அணுச் சேர்க்கையால் வெளிப்பட்டது. மின் நிலையமாக அது இன்னும் மலரவில்லை. தோரியத்தை முதன்மை எரிபொருளாகக் கொண்ட மின் நிலையமும் நம் நாட்டில் இன்னும் எழவில்லை. பேரறிஞரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அத்தகையவரின் கணிப்பும் ஏன் தவறியது என்று அறிவதே நம் நோக்கம்.

2. இருவகைக் காரணங்கள்

பாலி உரைநூல்கள் ஐந்து நியாமங்களைக் கூறுகின்றன. அவற்றுள் உது நியாமம் என்பது வெப்பம், குளிர் முதலிய இயற்பொருள்களின் ஒழுங்கு. கம்ம நியாமம் என்பது செயலும் அதன் விளைவும் பற்றிய ஒழுங்கு. சித்த நியாமம் என்பது மனத்தின் ஒழுங்கு. எஞ்சிய இரண்டு விதையின் ஒழுங்கும் தம்மத்தின் ஒழுங்குமாம்.

இயற்பொருளின் ஒழுங்கைச் சார்ந்த கணிப்பு நெடுங்காலத்துக்கும் செல்லும். ஏலூரிற் பிரிக்கப்பட்ட தோரியத்திற் பாதி சிதைவுற ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் அது பெருத்துச் செந்நிறப் பூதவிண்மீனாகும். அதற்கு வெகுமுன்பே, சுமார் 100 கோடி ஆண்டுகளில், அதன் வெம்மை மிகுந்து கடல்கள் வற்றும் என்று வானியலார் கணக்கிடுகின்றனர்.

அங்குத்தர நிகாயத்தின் ஏழு சூரியர் சூத்திரத்தை அறிந்தவர்க்கு இச்செய்தி புதுமையன்று. சூரியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்ற, சிற்றாறுகளும் பேராறுகளும் ஏரிகளும் கடலும் முறையே வற்றி, இறுதியில் மேருவும் எரிந்தழியும் என்று பகவர் அதில் உரைத்தார். எனினும், விஞ்ஞானம் கண்டதைப் புத்தர் முன்னரே கூறிவிட்டார் எனப் பெருமை பேசுதல் நமக்குத் தகாது. அது வானநூற் பாடமன்று. தோன்றிய யாவும் அழியும், ஆதலின் பற்று விடுக என்பதே அதன் கருத்து. உலகத்தைப் பற்றிய எல்லையற்ற ஊகம் சிந்தைக்கு எட்டாதவை நான்கனுள் ஒன்று என்றும், அதில் உழல்வோன் அல்லலுறுவான் என்றும் அதே நிகாயம் எச்சரிக்கின்றது.

மனிதன் யாது செய்வான் என்ற கணிப்போ வேறு வகையினது. அது மனத்தையும் செயலையும் சார்ந்தது. ஆதலின் அதற்கு நாள் குறிக்க இயலாது. 'இன்ன செய்தால் இன்னது விளையும்' என்று மட்டுமே கூற இயலும்.

3. பகவர் உரைத்த எதிர்காலம்

திக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சூத்திரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் ஓர் அரசன் நாட்டைக் காத்தான். ஆனால் வறியவர்க்குப் பொருள் வழங்கவில்லை. அதனால் வறுமை பெருகிற்று. வறுமையாற் களவும், களவால் ஆயுதமும், ஆயுதத்தாற் கொலையும், கொலையாற் பொய்யும் பெருகின. 80,000 ஆண்டு வாழ்ந்த மக்களின் ஆயுள் படிப்படியாக 10 ஆண்டாகக் குறுகிற்று. பின்னர், ஏழு நாட் கொலைவெறிக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்திருந்தோர் வெளிவந்து, ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, 'இனிக் கொல்லோம்' என உறுதி பூண்டனர். அன்று முதல் ஆயுள் வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் உச்சத்திலேயே மைத்ரேய புத்தர் தோன்றுவார்.

உலகின் வீழ்ச்சிக்கு முதற் காரணமாகப் பகவர் கூறியது கருவியின் குறைவையன்று, வறியவர்க்கு வழங்காமையை. மீட்சிக்குக் காரணமாகக் கூறியதும் புதிய கருவியையன்று, மனமாற்றத்தை.

4. நமக்குரிய படிப்பினை

தாழ்த்தப்பட்டோருக்கு 'பிறகு' என்ற சொல்லே நெடுங்காலம் கூலியாகக் கிடைத்து வந்தது. அடுத்த பிறவியில் உயர்வாய் என்றனர் பழைய குருமார். அறிவுலகம் மலரும், இயந்திரம் உன்னை விடுவிக்கும் என்கின்றனர் சில புதிய குருமார். இரண்டினுக்கும் நம் விடை ஒன்றே: காரணம் எங்கே?

1958இல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிய காலத்தில், டி.டி.டி. மருந்து கொசுவை வென்றுவிடும் என்று பெரிதும் நம்பப்பட்டது. அம்மருந்தும் ஏலூரில் உற்பத்தியாயிற்று. அது பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆயினும் 1970களில் மலேரியா மீண்டும் பெருகிற்று; 1999இல் ஏலூரின் குழிக்கண்டம் தோட்டில் நடந்த ஆய்வில் அம்மருந்தின் எச்சம் காணப்பட்டது. கழிவு எங்கே செல்லும், அக்கரையில் வாழ்வோர் யாவர் என்று கேளாத செயலின் விளைவு அது.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்தருகே இறங்கிற்று. நாம் மகிழ்ந்தோம், மகிழத் தகுந்ததே. ஆனால் மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் நம் உடன்பிறப்புகள் அங்கே மூச்சடைத்து மாண்டுவருகின்றனர். திருவனந்தபுரத்தில் 2018இல் கழிவுக்குழியைத் துப்புரவு செய்யும் 'பேண்டிகூட்' என்னும் இயந்திரம் பணிக்கு வந்தது. ஆகவே கருவி உண்டு. அதனை ஊர்தோறும் கொண்டுசெல்லும் மனமே இன்னும் வேண்டப்படுகின்றது. கருவியை விஞ்ஞானம் தரும். அம்மனத்தைத் தம்மப் பயிற்சியே தரும்.

ஆதலின் விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவேண்டா; நம் பிள்ளைகள் அதனைக் கற்று முன்னிற்றல் வேண்டும். கணிப்பைக் கேட்கும்போது மட்டும் இரண்டு வினாக்களைத் தவறாது எழுப்புவோம். இது எக்காரணத்தைச் சார்ந்தது? இதனால் யாருடைய துக்கம் தணியும்? சூரியன் அணையும் நாள் நம் கையில் இல்லை. இன்று ஒருவர்க்கு உணவும் கல்வியும் மதிப்பும் அளிப்பது நம் கையில் உள்ளது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உது நியாமத்துக்கும் கம்ம நியாமத்துக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. சக்கவத்தி சீஹநாத சூத்திரத்தில் வீழ்ச்சியின் முதற் காரணம் எது?
3. நம் ஊரில் கருவி இருந்தும் மனம் இல்லாமையால் நீடிக்கும் துக்கம் எது? அதனைத் தணிக்க இம்மாதம் நாம் செய்யக்கூடியது யாது?