பிள்ளைகளுக்குக் கட்டில்: பார்த்து வாங்குவோம்



இந்த மாதப் பாடம் பிள்ளைகள் படுக்கும் கட்டிலைப் பற்றியது. "கட்டிலுக்குக் கூடவா பாடம்?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் பென்னாகரம் பக்கம் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "ரெண்டு புள்ளைங்க, ஒரே ரூமு. மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு அடுக்குக் கட்டில் வாங்கலாமா? கடன் கிடைக்குமா?" இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தரையில் படுத்தால் என்ன?

பாய் விரித்துத் தரையில் படுப்பது நம் வழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காட்டை ஒட்டிய ஊர்களிலும், வயலுக்குள் இருக்கும் வீடுகளிலும் கட்டுவிரியன் பாம்பை நினைக்க வேண்டும். இது இரவில் நடமாடும். எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் பிள்ளை "வயிறு வலிக்குது" என்று அழும், வாந்தி எடுக்கும், கண் இமை தொங்கும். செரிக்கவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மந்திரிக்கவும் போக வேண்டாம், கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தரையை விட்டு உயரத்தில் படுப்பதும், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் நல்ல பாதுகாப்பு. ஆகவே கட்டில் என்பது ஆடம்பரம் இல்லை.

அடுக்குக் கட்டில் யாருக்குப் பொருந்தும்?

இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வாங்கும் முன் வீட்டையும் பிள்ளையின் வயதையும் பார்க்க வேண்டும்.

1. ஆறு வயது முடியாத பிள்ளையை மேல் தட்டில் படுக்க வைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது விழுந்துவிடும்.

2. மேல் தட்டில் படுக்கும் பிள்ளை எழுந்து கையை நீட்டினால் மின்விசிறி எட்டக் கூடாது. விசிறிக்கு நேர் கீழே, பக்கத்தில் எங்கும் கட்டிலைப் போடாதீர்கள்.

3. சிமெண்ட் சீட்டு, தகரக் கூரை வீட்டில் மேல் தட்டு வேண்டாம். சித்திரை வெயிலில் கூரைக்கு அருகே பிள்ளை வெந்துபோகும்.

4. மேல் தட்டில் ஒரு பிள்ளைதான். மூன்று பேர் ஏறிக் குதித்தால் எந்தக் கட்டிலும் தாங்காது.

5. மேல் கம்பியில் புடவை, துப்பட்டா, கயிறு எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

மேல் தட்டுக்கு நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும். "சுவத்துப் பக்கம் எதுக்கு?" என்று கடைக்காரர் கேட்பார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பிள்ளை இறங்கி மாட்டிக்கொள்ளும், அதற்குத்தான். தடுப்பு மெத்தைக்கு மேல் ஐந்து அங்குலமாவது நிற்க வேண்டும். மெத்தை தடிமனாக இருந்தால் தடுப்பு குட்டையாகிவிடும். ஆகவே மெத்தையைப் போட்டு அளந்து பாருங்கள். கம்பிகளுக்கு இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அதிகம் இருந்தால் உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். நம் நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் சுமார் மூன்று அங்குலம். கடையில் அளக்க அது போதும். அமெரிக்காவில் இந்த அளவுகள் 2000ஆம் ஆண்டு முதல் சட்டமாகவே இருக்கின்றன. நம் ஊர்ப் பட்டறையில் செய்யும் கட்டிலை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

உறுதியை எப்படிப் பார்ப்பது?

இரும்புக் கட்டில் என்றால் குழாயின் கேஜ் என்ன என்று கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசு. 16 கேஜ் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். 20 கேஜ் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விலை குறைவு என்று 20 கேஜ் வாங்கினால் சீக்கிரம் வளையும். வெல்டிங் சுற்றிலும் முழுமையாக இருக்கிறதா, இரண்டு பொட்டு மட்டும் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கூர்மையான முனையைத் தேய்த்திருக்க வேண்டும். ஏணி அசையக் கூடாது. கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

மரம் என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் பிறகு சுருங்கி மூட்டு கழன்றுவிடும். வேம்பை அவ்வளவு சீக்கிரம் பூச்சி தொடாது. மாமரம் மலிவு, ஆனால் உளுத்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் உப்பி உடையும். மண் தரை வீட்டுக்கும், ஒழுகும் வீட்டுக்கும் அது ஆகாது.

அடுக்குக் கட்டில்தான் வேண்டும் என்று இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நான்கடி அகலத்தில் உயரம் குறைந்த ஒரே கட்டில் போதும். நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் இன்னும் மலிவு. நாடா தளர்ந்தால் நாமே இழுத்துக் கட்டலாம். கைக்குழந்தையை மட்டும் எந்தக் கட்டிலிலும் தனியாக விடாதீர்கள்.

பணம் எப்படி?

வண்டியில் கொண்டுவந்து தவணைக்குக் கொடுப்பவர்கள் வட்டியைச் சொல்ல மாட்டார்கள். "மாசம் எண்ணூறுதாம்மா" என்பார்கள். எடுத்துக்காட்டாக, ரொக்கத்துக்கு 6,000 ரூபாய்க் கட்டிலுக்கு மாதம் 800 வீதம் 10 மாதம் கட்டினால் 8,000 ஆகிறது. 2,000 ரூபாய் கூடுதல்.

அதே 6,000 ரூபாயைக் குழுவில் உள்கடனாக, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் எடுப்போம். மாதம் 600 அசல், மீதியுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் வட்டி 60, கடைசி மாதம் 6. பத்து மாத வட்டியும் சேர்ந்து 330 ரூபாய்தான். அதுவும் நம் குழுவுக்கே வருகிறது.

"கட்டில் வருமானம் குடுக்குமா? ஆடு வாங்குனா குட்டி போடும்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989இல் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அன்று முதல் அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருப்பதும் குழுவின் நோக்கமே. பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது என்பதும் நம் கணக்கில் வர வேண்டும். யாருக்கு முதலில் என்பதைக் குழுவே பேசி, தீர்மான நோட்டில் எழுதட்டும்.

பட்டறையில் நான்கைந்து கட்டில் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் விலை பேசலாம். அளவு, கேஜ், விலை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒரு முறை போல்ட்டை முடுக்குங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் தரையில் படுக்கிறார்கள்?
2. கட்டில் உள்ள வீடுகளில் தடுப்பையும் இடைவெளியையும் அளந்து பார்த்தோமா?
3. கொசுவலை எத்தனை வீட்டில் இருக்கிறது? தினமும் செருகுகிறோமா?
4. கட்டிலுக்கு உள்கடன் தருவதானால் எவ்வளவு தரலாம், எத்தனை தவணை?

பதில்களை எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த ஊரில் எத்தனை கட்டில் தேவை என்று தெரிந்தால் சேர்ந்து விலை பேச வசதியாக இருக்கும்.