முதலில் பூஜ்யத்தைச் சரிபார்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி நாடு முழுக்க வந்துவிட்டது. ஆழ்வார்திருநகரியில் திருச்செந்தூர் ரோட்டுப் பட்டறைகளுக்கு வருகிற புது ஸ்பிளெண்டரிலும் ஆக்டிவாவிலும் இன்று கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏர் ஸ்க்ரூவைத் திருகி, சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூன் பண்ணின தலைமுறை எங்களுடையது. இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகள் மீட்டரையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்காகத் திராட்டில் பொசிஷன் சென்சாரைப் பற்றி இதை எழுதுகிறேன்.

1. திராட்டில் பொசிஷன் சென்சார் காற்றை அளப்பதில்லை. பட்டர்ஃபிளைத் தகடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஏர் ஃபில்டர் முழுக்க அடைத்துக் கிடந்தாலும், கை பாதி முறுக்கியிருந்தால் அது பாதி என்றுதான் காட்டும். உள்ளே போன காற்று எவ்வளவு என்று கணிக்க மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரும் ஆர்.பி.எம்.மும் வேண்டும். இந்த வித்தியாசம் மனதில் பதியாமல் லேப்டாப்பைத் திறக்காதே.

2. சதவீதத்தை நம்புவதற்கு முன் வோல்ட்டைப் பார். சாதாரண சென்சாரில் மூன்று வயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மற்றது சிக்னல். உதாரணத்துக்கு ஒரு வண்டியில் திராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் 0.6 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.2 என்று வைத்துக்கொள். இடைவெளி 3.6. மீட்டரில் 1.5 வந்தால், 0.6 போக மீதி 0.9; அது 3.6-ல் கால் பங்கு. ஆக 25 சதவீதம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 0.6 தவறாக இருந்தால் அதற்கு மேலே உள்ள எல்லாமே தவறு.

3. ஸ்கேனரில் ஐடிலில் 12 சதவீதம் என்று கண்டு பயப்படாதே. சில ஸ்கேனர்கள் 5 வோல்ட்டை நூறாக வைத்துக் கணக்கிடும். நான் சொன்ன 0.6 அப்படிப் பார்த்தால் 12 சதவீதம். முழுக்க முறுக்கினால்கூட 84-க்கு மேல் ஏறாது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. மூடிய நிலையைப் பூஜ்யமாக எடுத்துக் காட்டும் இன்னொரு வரியும் லைவ் டேட்டாவில் இருக்கலாம். எந்த வரியைப் பார்க்கிறாய் என்று தெரிந்துகொண்டு பேசு. திராட்டில் முழுக்கத் திறக்கவில்லை என்று சொல்லி நல்ல திராட்டில் பாடியை மாற்ற வைப்பது பாவம்.

4. சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், கைப்பிடியை மிக மெதுவாகத் திருகு. வோல்ட் ஒரே சீராக ஏற வேண்டும். எங்காவது சட்டென்று விழுந்து மறுபடி எழுந்தால் உள்ளே டிராக் தேய்ந்திருக்கிறது. இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டர் மேல். முள் துடிப்பது கண்ணில் படும். தேய்மானம் பெரும்பாலும் கீழ்ப் பகுதியில்தான் இருக்கும். நம் ஊர்க்காரர்கள் நாள் முழுக்க வண்டி ஓட்டுவது அந்தக் கால் திராட்டிலில்தானே. சிக்னல் அங்கே துள்ளினால், கை முறுக்குவதாக நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும். வண்டி வெட்டும். அதை மேப்பில், அதாவது கம்ப்யூட்டரின் பெட்ரோல் அட்டவணையில், சரிசெய்யப் போனால் ஒரு வாரம் வீண்.

5. எர்த்தை மறக்காதே. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல், நம் ஊர்ப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்படிச் சேற்றுத் தண்ணீரில் மூழ்கின வண்டி காய்ந்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும். கோளாறு பல மாதம் கழித்துத் தலைகாட்டும். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எர்த் வயரில் தடை கூடினால் 0.6 இருக்க வேண்டிய சிக்னல் 0.8, 0.9 என்று மேலே போய்விடும். கை விட்டும் திராட்டில் திறந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ஐடில் இறங்காது, இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்தாது, மைலேஜ் போகும். சென்சாரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வை. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் வயரைப் பார், பிறகு சென்சாரைப் பார்.

6. சோதிக்கிறேன் என்று வயரின் தோலில் ஊசி குத்தாதே. கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை விட்டு எடு. கடற்காற்று எட்டுகிற ஊர் இது. குத்தின ஓட்டை வழியாகச் செம்பு அரித்துவிடும்.

7. திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் கம்பெனி பெயின்ட் வைத்திருந்தால் கை வைக்காதே. ஐடில் சரியில்லையென்றால் தகட்டின் விளிம்பில் படிந்த கார்பனைத் துடை. துடைத்த பிறகு கம்ப்யூட்டருக்குப் பூஜ்யத்தை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த முறை வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலைப் படித்துச் செய்.

8. இவ்வளவும் சரியான பிறகே மேப். அங்கே ஒரு விஷயம் முக்கியம். தென்கால் வாய்க்கால் மடையில் பலகையை முதல் சாண் தூக்கும்போதுதான் வயலுக்குத் தண்ணீர் பாயும் வேகம் கூடும். பாதிக்கு மேல் தூக்கினால் வித்தியாசம் அதிகம் தெரியாது. பட்டர்ஃபிளையும் அப்படியே. 5-லிருந்து 15-க்குப் போனால் காற்று பல மடங்காகும். குறைந்த ஆர்.பி.எம்.மில் 70-லிருந்து 80-க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றும் மாறாது. ஆகவே திராட்டிலை வைத்து அட்டவணை போடும்போது கீழ்ப்பக்கக் கட்டங்களை நெருக்கமாக வை, மேலே அகலமாக விடு. பத்துப் பத்தாகச் சமமாகப் பிரித்தவனுடைய வண்டி ஊர்த் தெருவில் திணறும்.

9. கேபிள் இல்லாத வண்டியில் சென்சார் இரட்டையாக இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் வேகத்தைக் கட்டிவிடும். அது உயிர்ப் பாதுகாப்பு. ஏமாற்ற வழி தேடாதே.

10. பவருக்காக மேப் மாற்ற ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே என்று அதற்கான இடங்கள் இருக்கின்றன. ரோட்டில் ஓடுகிற வண்டியில் புகையைக் கெடுக்கும் வேலை வேண்டாம்.

11. நன்றாக ஓடுகிற வண்டி ஆயில் மாற்ற வந்தால்கூட, இரண்டு நிமிடம் ஒதுக்கி அதன் மூடிய வோல்ட்டையும் திறந்த வோல்ட்டையும் நோட்டில் குறித்து வை. அதே மாடல் கோளாறோடு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் கணக்கு இருக்கும். பக்கத்துப் பட்டறைப் பையன் கேட்டால் அந்த நோட்டைத் தயங்காமல் கொடு.