கேஷுவாலிட்டிக்குப் போகிற மருமகளுக்கு

கண்ணு, கவரைப்பேட்டையில் பஸ் ஏறி நைட் டூட்டிக்குப் போகப்போகிறாய். ஊசியும் மருந்தும் சொல்லித்தர அங்கே ஆள் உண்டு. கூட வருகிறவர்களின் கோபத்தைப் பற்றி அத்தை சொல்கிறேன்.

1. கத்துகிறவன் பெரும்பாலும் பயந்துபோனவன். சிப்காட் கம்பெனியில் பிரஸ்ஸில் கை மாட்டின ஒடிசாப் பையனை ஒருநாள் ராத்திரி தூக்கிவந்தார்கள். எங்கள் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. ஸ்ட்ரெச்சரைச் சுற்றி எகிறிக்கொண்டு நின்றார்கள். மூத்த சிஸ்டர் ஒருத்தி கட்டை அழுத்திப் பிடித்தபடியே, கூட்டத்தில் தமிழ் தெரிந்தவனைத் தேடிக் கூப்பிட்டாள். "ரத்தம் நின்னுடுச்சு, டாக்டர் பார்த்துட்டார், ஸ்டான்லிக்கு அனுப்ப 108 வருதுன்னு சொல்லுப்பா." அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். காத்திருப்பவனுக்கு அவ்வப்போது ஒரு வார்த்தை கொடு. சொல்லாமல் விட்ட சொல்தான் கல்லாக வந்து விழும்.

2. எல்லாக் கோபமும் பேச்சில் அடங்காது. குடித்தவனிடமும், கையில் எதையாவது எடுத்தவனிடமும் நியாயம் பேசாதே. வாசல் உன் பக்கம் இருக்கட்டும். விலகு, ஆளைக் கூப்பிடு. 2023 மே 10 அன்று கேரளாவில் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் கூட்டிவந்தவனே டாக்டர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றான். போலீஸ் நிற்கிறது என்று அசந்துவிடாதே.

3. அடிபட்டால் மறைக்காதே. இதுதான் முக்கியம். முறுக்கிய கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு டூட்டி பார்த்தவர்கள் எத்தனையோ பேர். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்பார்கள். வேலையை விடு என்று வீட்டில் சொல்வார்கள். மறைத்தால் என்ன ஆகும் என்று கேள். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக்கை 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்தவன் சீரழித்தான். அந்தப் பாலியல் கொடுமை வழக்கில் ஏறவே இல்லை. அவன் 7 வருஷத்தில் வெளியே வந்தான். அவரோ 2015 மே வரை அதே ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சக நர்ஸுகள்தான் பார்த்துக்கொண்டார்கள். இன்று நம் மாநிலத்தில் 2008-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. நர்ஸை அடித்தால் 3 முதல் 10 வருஷம் ஜெயில். ஜாமீனில் வரமுடியாத குற்றம். ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்ட்ரி போடச்சொல். நடந்ததை நேரத்தோடு எழுதிக்கொடு, நகல் வைத்துக்கொள்.

4. ஒருத்தன் அடித்ததற்காக ஊரையே வெறுக்காதே. 2024 அக்டோபர் 11 ராத்திரி நம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியபோது ஓடிப்போய்க் கைகொடுத்ததும் இதே ஜனங்கள்தான்.

5. அடிபட்ட மறுநாள் லீவு கேள். தர மாட்டோம் என்றால் எனக்குப் போன் பண்ணு. நானே வந்து கேட்கிறேன்.