மேற்கோள் குறி ஏன் உடனே வருவதில்லை?

கேள்வி: பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன். மேற்குறி போட்ட எழுத்துகளை அடிப்பதற்காகக் கணினியில் 'யுஎஸ் இன்டர்நேஷனல்' விசைப்பலகையைச் சேர்த்தேன். அதிலிருந்து ஆங்கிலத்தில் மேற்கோள் குறி அடித்தால் திரையில் ஒன்றும் வருவதில்லை. அடுத்த எழுத்தை அடித்த பிறகுதான் வருகிறது. சில நேரம் குறிக்குப் பதிலாக அந்த எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் ஏறிக்கொள்கின்றன. விசைப்பலகை பழுதா? இப்படி ஓர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது?
— வாசகி, புதுச்சேரி

பதில்: பழுது எதுவும் இல்லை. தட்டச்சுப் பொறிக்காகச் செய்த ஓர் ஏற்பாடு, பொறி போன பிறகும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது.

தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் இரண்டு வேலை நடக்கும். அச்செழுத்து தாங்கிய கம்பி எழுந்து, மை நாடாவின் மேல் அடித்து, தாளில் எழுத்தைப் பதிக்கும். உடனே தாளைச் சுமந்திருக்கும் கேரேஜ் ஓர் எழுத்தின் அகலத்துக்கு இடப்பக்கம் நகர்ந்து, அடுத்த எழுத்துக்கு இடம் விடும். பொறியில் இருப்பவை சுமார் 44 விசைகள். ஷிப்ட் சேர்த்தால் அதைப்போல இரு மடங்கு குறிகள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது போதாது. கூரை போன்ற ^ குறி மட்டுமே ஐந்து உயிரெழுத்துகளின் மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விசை வைக்க இடம் ஏது?

அதனால் குறிக்கு மட்டும் ஒரு விசை வைத்து, கேரேஜை நகர்த்தும் இணைப்பை அந்த விசைக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். அதை அழுத்தினால் குறி தாளில் விழும், கேரேஜ் அசையாது. அடுத்து எந்த எழுத்தை அடித்தாலும் அது அதே இடத்தில், குறிக்குக் கீழே போய் உட்காரும். இதுதான் நகரா விசை. ஆங்கிலத்தில் டெட் கீ என்பார்கள். கையால் எழுதும்போது எழுத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் குறி போடுகிறோம். பொறியிலோ எழுத்து விழுந்ததும் கேரேஜ் போய்விடும் என்பதால் குறியை முந்தி அடித்தே தீர வேண்டும். வரிசை தலைகீழானதற்கு இதுதான் காரணம்.

கணினிக்காரர்கள் முதலில் வேறு வழி பார்த்தார்கள். அமெரிக்காவில் 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் மொத்தமே 128 இடங்கள். மேற்குறி எழுத்துகளுக்குத் தனி இடம் தர வழியில்லாததால், எழுத்தை அடித்து, பேக்ஸ்பேஸால் ஓர் இடம் பின்வாங்கி, அதன் மேலேயே குறியை அடித்துக்கொள்ளலாம் என்று 1960களின் திருத்தங்களில் ஏற்பாடு செய்தார்கள். உங்கள் விசைப்பலகையின் இட மேல் மூலையில் இருக்கும் ~ குறி ஆஸ்கிக்குள் வந்தது இந்த வேலைக்காகத்தான். தாளில் அச்சடிக்கும் டெலிபிரிண்டரில் இது நன்றாகவே நடந்தது. திரை வந்ததும் கெட்டது. ஒரே இடத்தில் இரண்டாவதாக எழுதியது முதலில் எழுதியதை அழித்துவிட்டது.

அதனால் பழைய நகரா விசையையே மென்பொருளில் செய்து வைத்தார்கள். நீங்கள் மேற்கோள் விசையை அழுத்தியதும் கணினி அதைத் திரைக்கு அனுப்பாமல் கையில் வைத்துக்கொள்கிறது. அடுத்த விசை வந்ததும் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தாகும் என்றால் அந்த எழுத்தைத் தருகிறது. ஆகாது என்றால் இரண்டையும் தனித்தனியே தருகிறது. ஆங்கிலத்தில் 'டெல்லி' என்று மேற்கோளுக்குள் அடித்தால் ஒழுங்காக வந்து, 'இந்தியா' என்று அடித்தால் மட்டும் முதல் எழுத்தின் மேல் குறி ஏறுவது இதனால்தான். உயிரெழுத்துகளோடு குறி ஒட்டிக்கொள்ளும், 'டி'யோடு ஒட்டாது.

சரிசெய்ய எளிய வழி, மேற்கோள் விசைக்குப் பின் ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. குறி மட்டும் தனியாக வந்துவிடும். ஆனால் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு இது தொல்லை. சாதாரண ஆங்கில விசைப்பலகை, இன்டர்நேஷனல் இரண்டையும் வைத்துக்கொண்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மாறி மாறிப் பயன்படுத்துங்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான். (எதையுமே சேர்க்காத சிலருக்கும் திடீரென்று இந்தச் சிக்கல் வரும். இதே இரண்டு விசைகள் கைதவறி அழுந்தியிருக்கும், அவ்வளவுதான்.) இன்டர்நேஷனலில் இருக்கும்போது வலப்பக்க ஆல்ட் விசையோடு 'இ' எழுத்தை அழுத்தினால், 'கஃபே' என்ற சொல்லின் கடைசியில் வரும் மேற்குறி எழுத்து ஒரே தட்டில் வரும். அதே ஆல்ட்டோடு 'என்' எழுத்தை அழுத்தினால் ஸ்பானியரின் அலைக்கோட்டு எழுத்து.

ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் அடிக்கும் பழைய முறையைச் சிலர் சொல்லித் தருவார்கள். அந்தக் 'கஃபே' எழுத்துக்கு 130 என்றும் சொல்வார்கள், 0233 என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி. முதலாவது 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் பட்டியலில் அந்த எழுத்தின் எண். மற்றது பின்னால் விண்டோஸ் எடுத்துக்கொண்ட பட்டியலின் எண். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

குறியை விட்டுவிட்டு வெறும் எழுத்தை அடித்தால் போதாதா என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குறி எழுத்தின் பகுதி. ஒருவர் பெயரில் அது இருந்தால் அவர் பெயரின் பகுதி.

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த என் மாமாவின் லேப்டாப்பில் எண்களை அடிக்க ஷிப்ட்டை அழுத்த வேண்டியிருக்கிறது. எழுத்துகளும் இடம் மாறியிருக்கின்றன. ஏன் அப்படி?
— வாசகர், காரைக்கால்

பதில்: அது அசெர்ட்டி விசைப்பலகை. மேல் வரிசையின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்து வைத்த பெயர். பிரெஞ்சில் அடிக்கடி வரும் மேற்குறி எழுத்துகள் சிலவற்றுக்குத் தனி விசை கொடுத்து, அவற்றை எண் வரிசையில் ஷிப்ட் இல்லாமலே வரும்படி வைத்துவிட்டார்கள். எண்கள் ஷிப்ட்டுக்குப் போயின. அரிதாக வரும் கூரைக்குறியும் இரட்டைப்புள்ளியும் ஒரே நகரா விசையில்.

இதில் ஒரு விசை எனக்கு எப்போதுமே வியப்பு. 'எம்' எழுத்துக்கு வலப்புறம், ` குறி போட்ட 'யு' எழுத்துக்கு என்று தனி விசை இருக்கிறது. பிரெஞ்சில் அந்த எழுத்து வருவது ஒரே ஒரு சொல்லில்: 'எங்கே' என்று பொருள்படும் 'ஊ'. குறி இல்லாவிட்டால் அதே சொல் 'அல்லது' ஆகிவிடும்.

குறையும் உண்டு. எண்கள் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டதால், அந்த வரிசையில் இருக்கும் மேற்குறி எழுத்துகளின் பெரிய வடிவங்களுக்கு இடமே இல்லை. பெரிய எழுத்துக்குக் குறி தேவையில்லை என்ற பழக்கம் வேரூன்றியதில் இதற்கும் பங்குண்டு. 'ஒரு காவலர் கொல்கிறார்', 'காவலர் ஒருவர் கொல்லப்பட்டார்' இரண்டுக்கும் பிரெஞ்சில் கடைசி எழுத்தின் குறி மட்டுமே வேறுபாடு. பெரிய எழுத்தில் குறியில்லாமல் தலைப்புப் போட்டால் செத்தது யார், கொன்றது யார் என்றே தெரியாது. பிரெஞ்சு அகாதெமி குறி கட்டாயம் என்கிறது. பிரான்சின் தர நிர்ணய அமைப்பு அஃப்னோர் 2019இல் வெளியிட்ட புதிய விசைப்பலகைத் தரத்தில்தான் இதற்கு நேரான வழி செய்தார்கள்.

கேள்வி: தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் நகரா விசை இருந்ததா?
— வாசகர், மதுரை

பதில்: இருந்தது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஒரு பொறியின் விசைகளுக்குள் அடக்க வழி கண்டபோது கையாண்ட உத்திகளில் அதுவும் ஒன்று. தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களைக் கேளுங்கள். 'அம்மா' என்று அடிக்க முதலில் அ. பிறகு வலக்கைச் சுண்டுவிரலால் புள்ளி, அப்போது தாள் நகராது. பிறகு ம, அது புள்ளிக்குக் கீழே விழும். அதன்பின் இன்னொரு ம, கால். இன்று தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை அடித்துவிட்டுத்தான் புள்ளியை அடிக்கிறோம். யூனிகோடும் அதே வரிசையில்தான் சேமிக்கிறது. பழைய தட்டச்சு வரிசையிலேயே பழகிய கைகளுக்காக, புள்ளியை முன்னால் வாங்கி எழுத்துக்குப் பின்னால் வைத்துத் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன.